கண்டுபிடித்த பொருளை விற்பதற்கு முன்: மாதிரி, பேடண்ட், மோல்டு எந்த வரிசையில்?

புதிதாக ஒரு பொருள் செய்ய யோசனை வந்ததும் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். 'முதல்ல பேடண்ட் போட்டுடு' என்பார் ஒருவர். 'பேடண்ட் எல்லாம் பெரிய கம்பெனிக்கு, நீ நேரா மார்க்கெட்டுக்குப் போ' என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி. வேலை செய்கிற மாதிரி கையில் இல்லாமல் போட்ட பேடண்ட் பெரும்பாலும் வெறும் காகிதம். விண்ணப்பத் தேதி கையில் இல்லாமல் வெளியே காட்டிய மாதிரி ஊர்ச் சொத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பொருள் சின்னது. முருங்கைக் கீரையை ஈர்க்கிலிருந்து உருவுகிற ஒரு கைக்கருவி. பிளாஸ்டிக்கோ தகடோ, கையில் பிடிக்கிற எந்தப் பொருளுக்கும் இதே வரிசை பொருந்தும். கட்டணங்கள் எல்லாம் தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்ட வேண்டியவை. கட்டுகிற அன்று அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. தேதி வாங்கும்வரை வாய் திறக்காதீர்கள்

இந்தியாவில் யார் முதலில் யோசித்தார் என்று பார்ப்பதில்லை, யார் முதலில் விண்ணப்பித்தார் என்றுதான் பார்க்கிறார்கள். அதோடு விண்ணப்பத் தேதிக்கு முன்பே பொருள் பொதுவெளியில் வந்திருந்தால் அது 'புதியது' அல்ல. யூடியூபில் போட்ட ஒரு நிமிட வீடியோ, இன்ஸ்டாகிராம் ரீல், சந்தையில் பத்துப் பேருக்கு விற்ற சாம்பிள், எல்லாமே இந்தக் கணக்கில் வரும். போட்டது நீங்களே என்றாலும் உங்கள் விண்ணப்பத்தையே அது அடிக்கும்.

கண்காட்சிக்கு விலக்கு உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்டு. ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும், அதுவும் 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால். கல்லூரி விழாவும் ஊர்ப் பொருட்காட்சியும் அதில் சேராது.

இன்னொரு பழைய நம்பிக்கை: வரைபடத்தைக் கவரில் போட்டு, தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்துக்கொள்வது. இதனால் உங்களுக்கு முன்னுரிமைத் தேதி, அதாவது யார் முதல் என்று பார்க்கிற தேதி, எதுவும் கிடைக்காது. தபால் செலவுதான் மிச்சம்.

2. வீட்டு மேசையில் ஒரு முரட்டு மாதிரி

அழகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அட்டை, பழைய ஸ்டீல் தட்டு, பிவிசி பைப், எம்-சீல், எது கிடைக்கிறதோ அதில் செய்யுங்கள். வேலை செய்கிறதா என்பது மட்டும்தான் இப்போது கேள்வி.

முருங்கைக் கருவியில் இந்த நிலையிலேயே வந்த சங்கதிகள் சில. ஓட்டை பெரிதாக இருந்தால் இலையோடு பொடி ஈர்க்குகளும் உதிர்ந்து பாத்திரத்தில் விழுகிறது. சிறிதாக இருந்தால் தடித்த காம்பு உள்ளே நுழைவதில்லை. ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருந்தால் இலை கசங்கி, கொஞ்ச நேரத்தில் கறுக்கிறது. கழுவிய ஈரக்கீரை மொத்தமாக அடைத்துக்கொள்கிறது, வாடிய கீரை வழுக்கிக்கொண்டு வருகிறது. கணினியில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் இதெல்லாம் தெரிய வராது.

இவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நோட்டு உங்களுக்குப் பேடண்ட் வாங்கித் தராது. ஆனால் பிற்பாடு விண்ணப்பம் எழுதும்போது 'ஏன் இந்த அளவு, ஏன் இந்தக் கோணம்' என்பதற்கு அதில்தான் பதில் இருக்கும்.

3. ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள்

காசு செலவில்லாத வேலை, ஆனால் பலரும் தாண்டிப் போகிற வேலை. கூகுள் பேடண்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ், மூன்றும் இலவசம். தமிழில் தேடினால் ஒன்றும் வராது. ஆங்கிலத்தில், அதுவும் நாலைந்து விதமான சொற்களில் தேட வேண்டும். ஒத்த பேடண்ட் ஒன்று அகப்பட்டால் அதன் வகைப்பாட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். சமையலறைக் கருவிகள் பெரும்பாலும் ஏ47ஜே என்ற பிரிவில் இருக்கும்.

பேடண்ட் தளங்களோடு நிற்காமல் அமேசான், அலிபாபா, யூடியூப் எல்லாம் பாருங்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கிற அதிகாரியும் இணையத்தில் தேடுவார். வெளிநாட்டு மூலிகைத் தழைகளை உருவ ஓட்டை போட்ட தகடு எப்போதோ வந்துவிட்டது. ஆகவே 'ஓட்டையில் இழுத்து உருவுவது' என்று என்னால் உரிமை கேட்க முடியாது. காம்பின் தடிமனுக்கு ஏற்ப ஓட்டை தானே சுருங்கி விரிகிற அமைப்புக்குத்தான் கேட்க முடியும். தேடல் உங்கள் யோசனையைக் கொல்வதைவிட அதைச் சுருக்கிக் கூர்மையாக்குவதுதான் அதிகம். உங்கள் பொருளில் எது உண்மையிலேயே புதிது என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

பேடண்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள். தெரிந்த கருவிகளை வெறுமனே சேர்த்து வைத்தது, விவசாய முறை, வியாபார முறை, வெறும் கணினி நிரல், பாரம்பரிய அறிவு இவற்றுக்கெல்லாம் பேடண்ட் கிடையாது. சில நாடுகளில் சின்ன மேம்பாடுகளுக்கென்று குட்டி பேடண்ட் உண்டு. இந்தியாவில் அது இல்லை. 'சும்மா ஒரு குட்டி பேடண்ட் போட்டுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடியுங்கள்

கட்டணம் 1,600 ரூபாய். படிவம் 1, படிவம் 2, கண்டுபிடிப்பின் விளக்கம், வரைபடம், இவ்வளவுதான். போட்ட அன்றே எண் கிடைத்துவிடும். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். அப்போது 30 பக்கம், 10 உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாக்கியம்) வரை தனியாகக் கட்டணம் இல்லை. தாண்டினால் பக்கத்துக்கு 160, கோரலுக்கு 320.

நீங்களே ஆன்லைனில் போட வேண்டுமானால் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பேடண்ட் ஏஜென்ட் இல்லாமல் தனியாகப் போடுகிறவர்கள் காகிதமாகவும் கொடுக்கலாம், கட்டணம் சுமார் பத்து சதவீதம் கூடும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். தமிழில் ஏற்பதில்லை. ஏ4 தாள், மேலேயும் இடப்பக்கமும் 4 சென்டிமீட்டர், கீழேயும் வலப்பக்கமும் 3 சென்டிமீட்டர் ஓரம். தலைப்பு 15 சொல்லுக்குள். வரைபடத்தில் பாகங்களுக்கு எண் மட்டும் போடுங்கள். அளவும் விளக்கமும் எழுதாதீர்கள், விளக்கம் எழுத்துப் பகுதியில் வரட்டும்.

இப்போது பெரிய பொறி. 'தற்காலிகம்தானே' என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். தேதிப் பாதுகாப்பு அந்தப் பக்கத்தில் எழுதியதற்கு மட்டும்தான். ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங் சேர்த்தால், ஸ்பிரிங்குக்குப் பழைய தேதி கிடைக்காது. ஆகவே தோன்றுகிற மாற்று வடிவங்கள் அத்தனையும் எழுதுங்கள்: ஸ்பிரிங் வைத்தால், ரப்பர் வைத்தால், மேசையில் மாட்டினால், மோட்டார் வைத்தால். முழு விண்ணப்பம் வெளியாகும்வரை தற்காலிக விண்ணப்பம் யார் கண்ணிலும் படாது. வெட்கப்படாமல் நீளமாக எழுதலாம்.

12 மாதம் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அதுவரை பொருளை வெளியே காட்டாமல் இருந்தால் புதிதாக மறுபடி போடலாம். விற்க ஆரம்பித்திருந்தால் அந்த வழி அடைபட்டது.

கண்டுபிடித்தவர் யார் என்ற கட்டத்தை நிரப்பும்போது நிதானம் வேண்டும். லேத் மெக்கானிக் நீங்கள் சொன்னதைச் செய்து கொடுத்தால் அவர் கண்டுபிடிப்பாளர் அல்ல. 'இப்படி ஒரு கேம் (சுழன்று அழுத்தும் துண்டு) வெச்சா தானா இறுகும் சார்' என்று அவர் சொல்லி, அதுவே உங்கள் புதுமையின் மையமானால் அவர் பெயரும் வர வேண்டும், உரிமையை உங்களுக்கு எழுதித் தந்த பத்திரமும் வேண்டும். வீட்டில் அம்மாவோ மனைவியோ சொன்ன யோசனைக்கும் அதேதான். சமையலறைக் கருவிகளில் இது அடிக்கடி நடக்கிறது, படிவத்தில் மட்டும் ஆண்களின் பெயர் வருகிறது. விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விண்ணப்பத்தைச் சீக்கிரம் பரிசோதிக்கச் சொல்லி விரைவுப் பரிசோதனை கேட்கும் தகுதியும் வருகிறது.

ஏஜென்ட் வைத்துக்கொள்வதா? தற்காலிகத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்பேன். முழு விண்ணப்பத்தில் உரிமைக்கோரல் எழுதுவது வேறு வித்தை, அதற்குக் காசு கொடுப்பது தப்பில்லை. தொகை ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். எழுதும் கூலி, அரசுக் கட்டணம், ஆட்சேபத்துக்குப் பதில் எழுதும் கூலி மூன்றையும் பிரித்து எழுதி வாங்குங்கள். மூன்றாவதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, ஆட்சேபம் வந்ததும் பெரிய பில் நீட்டுவது சகஜம். பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று அலுவலகத் தளத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. இப்போது பட்டறைக்குப் போங்கள்

தேதி கையில் இருக்கிறது, 12 மாதம் ஓட ஆரம்பித்துவிட்டது. பணமும் நேரமும் அதிகம் கரைவது இங்கேதான்.

கணினியில் வரைபடம் (கேட்) வரைந்து தருகிறவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: திருத்தக்கூடிய ஸ்டெப் கோப்பு வேண்டும் என்று. பலர் எஸ்டிஎல் மட்டும் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். எஸ்டிஎல் பிரிண்ட் போட உதவும், திருத்தவோ மோல்டு (பிளாஸ்டிக் பாகம் அடிக்கும் அச்சு) வடிவமைக்கவோ உதவாது. அப்புறம் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும். வரைபடத்தின் முழு உரிமையும் உங்களுக்கே என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குங்கள்.

த்ரீடி பிரிண்ட் மலிவு, வேகம். ஆனால் பிஎல்ஏ 60 டிகிரிச் சூட்டில் இளகிவிடும், வெயிலில் நிற்கும் காரில் வைத்தாலே வளையும். ஓட்டைகள் வரைந்த அளவைவிடக் கொஞ்சம் சிறிதாகவே வரும். அடுக்கு போன திசையில் சட்டென்று உடையும். பிரிண்ட் உடைந்ததைப் பார்த்து வடிவமைப்பே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பத்திருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் சிலிக்கான் அச்சில் வார்க்கிற வேக்யூம் காஸ்டிங் நல்லது. ஒரு அச்சில் இருபது உருப்படி சுமாருக்கு எடுக்கலாம், உண்மைப் பிளாஸ்டிக்கின் கனமும் வழவழப்பும் வரும்.

தகடு வேலை என்றால் 304 ஸ்டீல் கேளுங்கள், பில்லிலும் 304 என்று எழுதச் சொல்லுங்கள். 'காந்தம் ஒட்டல பாருங்க, 304தான்' என்பது கடைத்தெரு வசனம். 202 வகைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. விலை குறைவு, உப்பும் புளியும் பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். ஸ்டீல் கடைகளில் சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனைத் திரவம் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேசரில் வெட்டிய ஓரத்தைப் பிசிறு எடுக்கும் வேலை விலையில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத் தகட்டைக் கொடுங்கள்.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. ஏஜென்சிகளும் பெரிய தொழிற்சாலைகளும் கையெழுத்துப் போடுவார்கள். சின்னப் பட்டறைக்காரர் பத்திரத்தைப் பார்த்ததுமே 'வேற இடம் பாருங்க சார்' என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பாகங்களைப் பிரித்து, தகட்டை ஒரு இடத்தில், பிடியை இன்னொரு இடத்தில் செய்யக் கொடுத்து, வீட்டில் பொருத்திக்கொள்ளுங்கள். பட்டறையில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கம் இருக்கிறது, வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாதிரியைச் சோதிக்க உறவினரைத் தேடாதீர்கள், எல்லாரும் 'சூப்பரா இருக்கு' என்பார்கள். தினமும் கிலோ கணக்கில் கீரை ஆய்கிற மெஸ், சமையல் கான்ட்ராக்டர் மாதிரி ஆட்களிடம், ரகசியம் காக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போங்கள். கருவி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அடுப்பு மேடையில் இருந்தால் ஒரு பதில், பரண்மேல் இருந்தால் இன்னொரு பதில்.

6. மோல்டு போடுவதற்கு முன்

உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் பாகத்துக்கே மோல்டு செலவு லட்சங்களில் பேசும். ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். ஆகவே சோதனை முடியாமல் மோல்டு பக்கம் போகாதீர்கள். சுவர்த் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா, அச்சிலிருந்து கழன்று வரச் சரிவு இருக்கிறதா என்று மோல்டுக்காரரோடு உட்கார்ந்து பாருங்கள். தடித்த இடத்தில் மேற்பரப்பு குழி விழும்.

எனக்குப் பிடி செய்து தந்த ஒரு மோல்டுக் கடையில், வேலை பாதியில் நின்றபோது 'மோல்டை வெளியே தர மாட்டோம்' என்று சொல்லிவிட்டார்கள். மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பர்ச்சேஸ் ஆர்டரில் இவை எழுத்தில் இருக்கட்டும்: மோல்டு உங்கள் சொத்து, கேட்டால் எப்போது வேண்டுமானாலும் தர வேண்டும், அதில் வேறு யாருக்கும் பொருள் அடிக்கக் கூடாது, எந்த ரக ஸ்டீல், எத்தனை ட்ரையல் விலையில் அடங்கும், மீதித் தொகை சாம்பிள் ஒப்புதலுக்குப் பிறகே.

7. வடிவமைப்பு, பெயர்

பேடண்ட் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு. தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு. 1,000 ரூபாய், 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். எல்லாப் பக்கமிருந்தும் பார்த்த படங்கள் வேண்டும். பேடண்ட் கிடைப்பது சந்தேகமான பொருளுக்கு இதுதான் கைகொடுக்கும், அப்படியே காப்பி அடிக்கிறவனை நிறுத்த முடியும். இதற்கும் அதே நிபந்தனை: வெளியே காட்டுவதற்கு முன் போட வேண்டும். கடைசி வடிவம் முடிவானதும், முதல் சாம்பிளைப் படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால்.

வணிகப் பெயருக்கு ஒரு வகுப்புக்கு 4,500. கைக்கருவி, கத்தி வகையறா என்றால் 8-ஆம் வகுப்பு, வீட்டுப் பாத்திரம் என்றால் 21. 'கீரை உருவி' மாதிரி பொருளையே விவரிக்கிற பெயரைப் பதிவது கஷ்டம்.

8. முழு விண்ணப்பமும் அதற்குப் பிறகும்

பத்தாவது மாதத்தில் எழுத உட்காருங்கள், கடைசி வாரத்தில் அல்ல. இதற்குப் பின் உள்ள செலவு:

பரிசோதனைக் கோரிக்கை, படிவம் 18: 4,000 ரூபாய். இது தானாக நடக்காது, நீங்கள் கேட்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள். பழைய கட்டுரைகளில் 48 மாதம் என்று இருக்கும், நம்பிக் கோட்டை விடாதீர்கள். விரைவுப் பரிசோதனை, படிவம் 18ஏ: 8,000. சாதாரணமாக 18 மாதத்தில் விண்ணப்பத்தை வெளியிடுவார்கள், முன்கூட்டியே வேண்டுமானால் படிவம் 9-க்கு 2,500.

வெளியானதும் உங்கள் பெயரும் முகவரியும் எல்லார் கண்ணிலும் படும். 'உங்கள் கண்டுபிடிப்பைச் சர்வதேசப் பட்டியலில் பதிகிறோம், இவ்வளவு டாலர் கட்டுங்கள்' என்று அரசு முத்திரை போன்ற ஒன்றோடு கடிதம் வரும். குப்பையில் போடுங்கள்.

முதல் பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் இருந்தே தீரும், பயப்பட வேண்டாம். பதில் சொல்ல 6 மாதம். வெளிநாட்டிலும் விண்ணப்பிக்க நினைத்தால், இங்கே போட்டு 6 வாரம் கழித்துப் போடுங்கள், அல்லது முன் அனுமதி வாங்குங்கள்.

9. பணம் எங்கே கிடைக்கும்

தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் 2 லட்சம், 5 லட்சம் என்று இரண்டு அடுக்கு உண்டு. மத்திய அரசின் நிதி-பிரயாஸ் மாதிரி செய்ய 10 லட்சம் வரை தருகிறது, இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) மூலம் விண்ணப்பிக்க வேண்டும். படிப்போ நிறுவனமோ பின்னால் இல்லாத அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர் என்றால் குஜராத் காந்திநகரில் உள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளை உங்கள் பெயரிலேயே பேடண்ட் போட உதவும். சிறுதொழில் அமைச்சகத்தின் திட்டத்தில், பேடண்ட் கிடைத்த பிறகு 1 லட்சம் வரை திரும்பப் பெறலாம், சிறுதொழிலாகப் பதிந்துகொள்கிற உத்யம் பதிவு வேண்டும். உத்யம் பதிவு இலவசம். 'ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்' கேட்கிற தளம் அரசுடையது அல்ல.

எந்தத் திட்டமானாலும் தவணையாகத்தான் வரும், தாமதமாகத்தான் வரும். அந்தப் பணத்தை நம்பி மோல்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நடுவர் குழு முன் விளக்கப் போகும் நாளுக்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும்.

10. பெட்டியில் என்ன அச்சிடுவது

விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால் 'விண்ணப்பிக்கப்பட்டது' என்றே போடுங்கள். கிடைக்காத பேடண்டைக் கிடைத்ததாக அச்சிட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். எடையளவுச் சட்டப்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், வருடம், புகார் சொல்லத் தொலைபேசி எண் இருக்க வேண்டும். பொம்மை மாதிரி சில பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று பெட்டி அச்சடிக்கும் முன் பாருங்கள்.

விண்ணப்பம் வெளியானதும் உரிமை தொடங்கிவிடும், ஆனால் வழக்குப் போடப் பேடண்ட் கைக்கு வந்திருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் காப்பி வந்தால் வடிவமைப்புப் பதிவுதான் ஆயுதம்.

பேடண்ட் வந்த பிறகு வருடக் கட்டணம் உண்டு: விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் வருடம் தொடங்கி ஆறாம் வருடம் வரை வருடத்துக்கு 800, பிறகு படிப்படியாக ஏறும். பேடண்ட் கிடைக்கவே சில வருடம் ஆகியிருந்தால், சேர்ந்துபோன பாக்கியை 3 மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை படிவம் 27-இல் பொருள் விற்பனையில் இருக்கிறதா என்று தெரிவிக்க வேண்டும். இரண்டையும் யாரும் நினைவூட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், ஏஜென்ட் உட்பட. போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.